தவிலுக்கு நடுவே ஒரு குரல்

கேள்வி: திருவிழாவில் தவில், நாகசுரத்துக்கு நடுவே கைப்பேசியிடம் பேசினால் கன்னாபின்னாவென்று எழுதுகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், திருநாவலூர்

பதில்: உங்கள் ஊரில் பிறந்த சுந்தரர் சிவனைத் திட்டினார், சிவனோ அதையே பாட்டாக ஏற்றுக்கொண்டார். அந்தக் காது கைப்பேசிக்கு இன்னும் வாய்க்கவில்லை! அமைதியான அறைக் குரல்களை மட்டும் கேட்டு வளர்ந்த மென்பொருள் திருவிழாவில் திணறத்தான் செய்யும். அதனால் தெளிவான பேச்சோடு ஹாரன், மோட்டார், கூட்ட இரைச்சலை வேண்டுமென்றே கலந்து அதைப் பழக்குகிறார்கள். 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள், ஒலியின் வரைபடத்தில் சில பட்டைகளை மறைத்துவிட்டு மிச்சத்தை வைத்தே சொல்லைக் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். பிழை நன்றாகக் குறைந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் மக்களின் இயல்பான பேச்சையே திரட்டி வருகிறது. அருமையான வேலை.

இன்னொன்று, இரைச்சலில் நாம் நம்மை அறியாமல் கத்துகிறோம். உயிரொலி நீளும், சுருதி ஏறும். இரைச்சலில் குரல் உயர்வதைப் பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்ட் 1911-லேயே சொல்லிவிட்டார். கத்தினால் கருவி மேலும் குழம்பும். போனை வாயருகே கொண்டுபோங்கள்: தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அப்படியே, கருவி நம் பேச்சுக்குப் பழக, மத்திய அரசின் பாஷிணி திட்டத்தில் 'பாஷா தான்' பகுதிக்குப் போய் உங்கள் ஊர்ப் பேச்சையும் கொஞ்சம் பதிவுசெய்து கொடுங்கள்.