585 கிலோமீட்டரும் பின்னிருக்கைப் பாட்டியும்

'மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?' என்று கேட்டே கார் வாங்கிப் பழகிய தமிழ்ச் சமூகம், மின்கார் வந்தபின் அக்கேள்வியை 'ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?' என்று மாற்றிக்கொண்டது. அதற்கு விற்பவர்களே இரண்டு விடை வைத்திருப்பதுதான் இதிலுள்ள சுவை. 2024 ஆகஸ்டில் வெளிவந்த டாடா கர்வ் மின்காரின் பெரிய பேட்டரி 55 கிலோவாட் மணி, அதாவது வீட்டு மின்கணக்கில் 55 யூனிட், கொள்ளும். அப்போது அதற்குச் சான்றளிக்கப்பட்ட தொலைவு 585 கிலோமீட்டர், நடைமுறையில் எதிர்பார்க்கலாம் என்று அந்நிறுவனமே சொன்னது 400 முதல் 425 வரை.

முதல் எண்ணைத் தந்த, எம்ஐடிசி எனப்படும் இந்திய ஓட்டச் சோதனையில் கார் சாலைக்கே வருவதில்லை. ஆய்வகத்து உருளைகளின்மேல், ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், நின்ற இடத்திலேயே ஓடுகிறது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அடக்கத்தைப் போல, அங்கே கிடைக்கும் எண்ணும் பொய்யன்று; அன்றைக்கு மட்டும் உரியது.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்படும் குடும்பத்துக்கு இந்த உண்மை விழுப்புரத்தைத் தாண்டுகையில் புலப்படுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், 80இல் செல்லும் கார் 100ஐ எட்டும்போது அத்தடை ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. வேகத்தைக் குறைப்பதே சிறந்த மருந்து என்றாலும், ஆம்னி பஸ் முந்திச்செல்வதைக் குடும்பத்தலைவரால் பொறுக்க முடியாதாகையால், அவர் ஏசியை அணைத்துவிட, பின்னிருக்கைப் பாட்டி செய்தித்தாளால் விசிறிக்கொண்டு தம் பங்குக்குப் பேட்டரியைக் காப்பாற்றுகிறார்.

நெடுஞ்சாலை உணவகத்தின் வேகச் சார்ஜரோ, 80 விழுக்காடு வரை விரைந்து ஏற்றி, அதன்பின் பேட்டரியின் நலன் கருதி மின்னோட்டம் குறைக்கப்படுவதால் ஊர்கிறது. 'முழுசா ஏத்திட்டே கிளம்பலாம்' என்போருக்கு, வேண்டாத மூன்றாவது காபியையும் குடித்துத் தீர்க்க நேர்கிறது.

நாள்தோறும் நகருக்குள் ஓட்டி, இரவில் சொந்த வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் செருகுபவருக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை. பகலில் செலவானது விடியுமுன் ஏறிவிடும். மற்றபடி, வாங்க நினைப்போர் விளம்பரத்தின் பெரிய எண்ணை விட்டுச் சிறிய எண்ணையே கணக்கில் கொள்க. அதற்கும் முன்னதாக, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் தம் பார்க்கிங்கில் ஒரு பிளக் வைக்க இசையுமா என்று கேட்டறிக.