பத்தாயிரத்துக்குள் ஒரு பேரறிஞர்

டீக்கடையில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, அப்புறம்தான் போனை எடுப்பார்கள். இவர் "ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்று சொன்ன கையோடு பணம் அனுப்பும் ஆப்பைத் தொட்டுவிடுவார். டீ வரும், ஆப் வராது. பாதி டீயில் ஆப்பின் பெயர் மட்டும் வெள்ளைத் திரையில் தோன்றும். கடைசி மடக்கின்போது கேமரா விழித்து, கியூஆர் அட்டை மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். "நாளைக்குக் குடுங்க சார், எங்க போகப் போறீங்க" என்பார் கடைக்காரர். நம்மவர் விட மாட்டார். அவருடைய கணக்கில் எந்தத் தாமதமும் இல்லை. இந்த ஆப் திறக்க ஒரு டீ நேரம் ஆகும், அவ்வளவுதான். அவசரம் என்றால் டீயைக் கொஞ்சம் ஆற்றிக் கேட்பார்.

இவரை ஏழை என்றோ கஞ்சன் என்றோ நினைத்துவிடக் கூடாது. வாங்க முடியாதவர்கள் வேறு. இவர் வாங்க முடிந்தும் "எதுக்கு?" என்று கேட்கிறவர். போனுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுப்பது இவரைப் பொறுத்தவரை ஏமாளித்தனம். விருந்தாளி யாராவது அறுபதாயிரம் ரூபாய் போனை மேசைமேல் வைத்தால், அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். விலையைக் கேட்பார். பிறகு துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

போன் விலை ஏற ஏற, வைத்திருப்பவருக்கு அதைப் பற்றித் தெரிவது குறைந்துகொண்டே போகிறது என்பது என் கட்சி. லட்ச ரூபாய் போன்காரரிடம் "ரேம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியலையே, நல்லாத்தான் ஓடுது" என்பார். நம்மவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் சாயங்காலம் போச்சு. பிராசசர் ஸ்னாப்டிராகனா, மீடியாடெக்கா. உள்ளே இருக்கும் சேமிப்பு இஎம்எம்சியா, யுஎஃப்எஸ்ஸா. இஎம்எம்சி என்றால் ஏன் மெதுவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக வரும். சரியாக ஓடாத பொருள்தான் மனிதனை ஆராய்ச்சியாளன் ஆக்குகிறது. ஓடிவிட்டால் எவன் யோசிக்கிறான்?

இவருக்கு ஒரு வீரக்கதை உண்டு. 2014இல் ஷாவ்மி இந்தியாவுக்குள் வந்த புதிது. ரெட்மி 1எஸ் என்ற போன், விலை 5,999 ரூபாய், ஃபிளிப்கார்ட்டில் மட்டும், செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்கு விற்பனை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு லாகின், வீட்டில் மனைவி கையில் ஒன்று, இன்டர்நெட் சென்டரில் உட்காரவைத்த தம்பியிடம் ஒன்று. மணி இரண்டு அடித்தது, விரல் இறங்கியது, தீர்ந்துவிட்டது என்றது திரை. இமைத்த கண்ணைத் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கில் போயிருந்தது. "செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க" என்று இன்றைக்கும் நொந்துகொள்வார். அடுத்த செவ்வாயும் உட்கார்ந்தார், அதற்கடுத்ததும். கடைசியில் கிடைத்தது. மகன் பிறந்த நேரம் அவருக்கு நினைவில்லை, இது நினைவிருக்கிறது.

2020 ஏப்ரலில் செல்போனுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, அரசாங்கம் தன் ஒருவரைக் குறிவைத்தே ஏற்றியதாக உறுதியாக நம்பினார். இப்போதும் நம்புகிறார்.

போனைக் கையில் வாங்கிய பிறகு அவருடைய உண்மையான உத்தியோகம் ஆரம்பமாகிறது: இடம் பண்ணுவது. அட்டைப்பெட்டியில் 64 ஜிபி என்று பெரிதாகப் போட்டிருக்கும். திறந்த முதல் நாளே ஆண்ட்ராய்டும், கம்பெனிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வைத்து அனுப்பிய ஆப்களும் நல்லதொரு பங்கை வளைத்துப்போட்டிருக்கும். அவற்றில் சிலவற்றை நீக்கவும் முடியாது. முடக்கி வைக்கலாம், அவ்வளவே. மிச்ச இடத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும். ஒரே காலை வணக்கம், ஒரே முருகன், நாலு குரூப்பிலிருந்து நாலு தடவை. இரவு சாப்பாடு முடிந்ததும் நம்மவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அழிக்க உட்காருவார். அதற்கும் ஆசாரம் இருக்கிறது. அரசியல்வாதிகளையும் நடிகர்களையும் எந்த நாளிலும் அழிக்கலாம். செவ்வாய்க்கிழமை முருகனைத் தொட மாட்டார், வெள்ளிக்கிழமை மகாலட்சுமியை, சனிக்கிழமை பெருமாளை. ஆக, தெய்வங்களுக்கெல்லாம் ஞாயிறுதான்.

சொந்தக்காரர்கள் விஷயம் இன்னும் சிக்கல். மச்சினன் கல்யாண முகூர்த்த வீடியோ ஒன்று வந்தது. கெட்டிமேளம் முதல் பந்தி வரை அரை ஜிபி. வந்த இரவே அது போய்விட்டது. "மாமா, வீடியோ பாத்தீங்களா?" என்று அவன் கேட்டபோது, "பிரமாதம் மாப்ள, தாலி கட்டுற எடம் அருமையா வந்திருக்கு" என்றார். எந்தக் கல்யாண வீடியோவுக்கும் பொருந்தும் விமர்சனம் அது.

மெமரி கார்டு போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் அவர் போனில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே பள்ளம். ஏதாவது ஒன்றுதான் உட்காரும். பேங்க்கில் கொடுத்திருப்பது பழைய பிஎஸ்என்எல் நம்பர், நெட்டுக்கு இன்னொன்று. கார்டு அலமாரியில் இருக்கிறது. கடைக்காரப் பையன் "சார், இதுல 4 ஜிபி ரேமை 8 ஜிபி ஆக்கிக்கலாம்" என்று ஆசை காட்டியபோது மட்டும் நம்மவர் சிரித்துவிட்டார். அந்தக் கூடுதல் ரேம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். சேமிப்பிலிருந்து ஒரு பகுதியைப் பிடுங்கி ரேம் என்று பெயர் வைப்பது. வேகமும் அசல் ரேம் வேகம் இருக்காது. ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறவனிடம் கடன் கேட்கிற ஏற்பாடு.

கேமராவைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். பின்பக்கம் மூன்று வட்டம் இருக்கும். ஒன்று 50 மெகாபிக்சல், நிஜக் கேமரா. மற்றவை 2 மெகாபிக்சல் மேக்ரோ, ஆழம் அளக்க ஒன்று என்று ஏதேதோ சொல்லிக்கொள்ளும். மேக்ரோவில் அவர் ஒரு முறை எறும்பைப் பிடிக்கப் பார்த்தார், எறும்பு ஒத்துழைக்கவில்லை. பொங்கலன்று பானை பொங்கும் நேரம் வீடே "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, இவர் கேமராவைத் திறந்தார். அது திறந்து, ஃபோகஸ் தேடி, சொடுக்கியபோது மனைவி பானையை இறக்கி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு ஆல்பத்தில் வருஷா வருஷம் அடுப்பு துடைக்கும் படம்தான்.

ஆனால் அவருக்குப் பெருமைப்பட விஷயமே இல்லை என்று நினைத்தால் தப்பு. 5,000 எம்ஏஎச் பேட்டரி. காலையில் ஏற்றினால் மறுநாள் காலை வரை தாங்கும். மேனேஜர் தன் விலை உயர்ந்த போனோடு சாயங்காலம் பிளக் பாயின்ட் தேடி அலையும்போது, நம்மவர் முகத்தில் வரும் அமைதிக்கு ஈடே கிடையாது. ஆப்பிள்காரன் 2016இல் ஹெட்போன் ஓட்டையை அடைத்தான். 2020இல் பெட்டியிலிருந்து சார்ஜரையும் தூக்கினான். இரண்டு செய்தியும் நம்மவருக்குப் பாயசம். "லட்ச ரூவா குடுத்துட்டு சார்ஜரைத் தனியா வாங்கணுமாம்! இங்க பாருங்க, ஓட்டை இருக்கு. இயர்போனை மாட்டினா எஃப்எம்மும் பாடுது." இயர்போன் வயர்தான் அந்த ரேடியோவுக்கு ஆன்டெனா என்பதையும் சேர்த்தே சொல்வார். இந்த வாதத்தில் அவரை ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அவரை நடுங்கவைப்பது ஒரே சொல்: காம்போ. டிஸ்ப்ளேயும் டச்சும் ஒன்றாக ஒட்டி வருவதால், மேல் கண்ணாடி கீறல் விட்டாலும் ரிப்பேர் கடையில் "காம்போ மாத்தணும் சார்" என்பார்கள். மாற்றும் செலவைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுப் போனே வாங்கிவிடலாம் போலிருக்கும். அதனால் டெம்பர்டு கிளாஸ், அதன்மேல் மடக்கும் பவுச், கீழே விழும்போது "ஐயோ" என்று முதலில் காலை நீட்டிக்கொடுக்கும் பயிற்சி. கால் வீங்கினால் தைலம் போதும்.

இந்தப் போனின் மிகப் பெரிய வசதியை எந்த விளம்பரமும் சொன்னதில்லை. எந்தப் பொய்யையும் அது தாங்கும். "கூப்டீங்களா? ரிங்கே வரலையே", "மெசேஜ் இப்பத்தான் வருது", "ஹேங் ஆயிடுச்சு சார்". லட்ச ரூபாய் போன்காரர் சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்மவர் சொன்னால் எதிராளி அனுதாபமே படுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கூப்பிட்டான். குரலில் பதற்றம்.

"மாமா, என் கல்யாண வீடியோ உங்ககிட்ட இருக்குல்ல? அப்டேட் பண்ண இடம் பத்தல. உங்ககிட்டதான் இருக்கேன்னு நேத்து நான் அழிச்சிட்டேன். வீடியோக்காரரும் கடையக் காலி பண்ணிட்டுப் போயிட்டாராம். இவ கேக்குறா, இப்பவே அனுப்புங்க."

நம்மவர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "ஹலோ? ஹலோ? மாப்ள, என்ன சொல்றே? இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல..."

"சரி மாமா," என்றான் அந்தப் பக்கம், பரிவோடு. "உங்க போன்தான் தெரியுமே. நான் அக்கா நம்பருக்கே அடிக்கிறேன்."