சாம்பிள் எத்தனை?

அப்போது எங்கள் கள்ளிக்குப்பம் அம்பத்தூர் நகராட்சியில் இருந்தது. சென்னை மாநகராட்சிக்குள் வர 2011 ஆக வேண்டியிருந்தது. நான் பகுதிநேர ஆய்வாளன். தலைப்பு, உயர்கல்வியில் அறிவு மேலாண்மை. "அதை மேய்க்கிறதுக்குக்கூடவா படிப்பு?" என்றார் அப்பா.

பன்னிரண்டு பேரிடம் உட்கார்ந்து பேசலாம் என்பது என் ஆசை. "பன்னிரண்டு பேரை வெச்சு தாம்பூலப் பைக்கே கணக்குப் போட முடியாதுப்பா" என்றார் நெறியாளர். முந்நூறு கேள்வித்தாள் ஜெராக்ஸ் எடுத்தேன். 1932-இல் லிக்கர்ட் வகுத்துக் கொடுத்த அதே ஐந்து கட்டங்கள்.

ஒரு கல்லூரி சூப்பரிண்டெண்ட், எங்கள் பக்கத்துத் தெருக்காரர், நாற்பது கேள்விக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' கட்டத்தில் நூல் பிடித்தாற்போல் டிக் அடித்துத் தந்தார். ஞாயிறு மாலை செங்குன்றம் சாலை டீக்கடையில்தான் வாய் திறந்தார். எந்த ஃபைல் எந்த பீரோவில் கிடக்கிறது, எந்தப் பேராசிரியரிடம் சாப்பாட்டுக்கு முன் கையெழுத்து கேட்கக் கூடாது, பழைய மதிப்பெண் பதிவேட்டில் பென்சில் புள்ளிக்கு என்ன பொருள்... எல்லாம் அவர் தலைக்குள். பொலானி 1966-இல் நூலாக எழுதியதும், நொனாகாவும் தகெயுச்சியும் 1995-இல் நிறுவனங்களுக்குப் பாடமாக்கியதும் சொல்லில் சிக்காத இந்த அறிவைத்தான். என் ஆய்வேட்டில் அவர் வெறும் நான்கு மதிப்பெண். பட்டம் கிடைத்துவிட்டது.

இப்போது நான் நெறியாளர். பண்புசார் ஆய்வுக்கு நல்ல மவுசு. என் மாணவி பதினைந்து பேரைப் பேட்டி கண்டாள். பேச்சைக் கைபேசியே எழுத்தாக்கிவிடுகிறது. பிரானும் கிளார்க்கும் 2006-இல் சொன்ன ஆறு படிகளில் ஏறிக் கருப்பொருள் பிரித்தாள். வந்ததென்ன? கைபேசியை மேசையில் வைத்ததுமே, நாக் தரமதிப்பீட்டுக் குழு எதிரில் உட்கார்ந்தாற்போல் எல்லோரும், "எங்கள் கல்லூரியில் அறிவுப் பகிர்வு சிறப்பாக நடைபெறுகிறது" என்றார்கள். அன்று பேனாவால் அடித்த டிக்கை இன்று வாயால் அடிக்கிறார்கள்.

"போனை உள்ளே வெச்சிட்டு ஒரு வாரம் ஆபீஸ்ல சும்மா உட்காரும்மா" என்றேன்.

மூன்றாம் நாள், கல்லூரியின் அறிவுக் களஞ்சியத் தளத்தைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறாள். திறக்கவில்லை. அலுவலர் அசரவில்லை, போனை எடுத்தார்: "அண்ணே, நல்லா இருக்கீங்களா? அந்தப் பாஸ்வேர்டு என்ன?"

எதிர்முனையில், ஓய்வு பெற்று கள்ளிக்குப்பத்தில் இருக்கும் நம் சூப்பரிண்டெண்ட்.

போன வாரம் ஆய்வுக் குழு கூடியது. "சாம்பிள் எத்தனை?" என்றார் ஒருவர்.

"பதினைந்து பேர் சார்" என்றாள். "அப்புறம் ஒரு போன் கால்."