திருவாளர் ஒன் பாயிண்ட் எய்ட்

கேமரா வாங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். கூடவே வந்த 18–55 லென்ஸ் பீரோவுக்குள் போயிருக்கும். அந்த இடத்தில் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் குடியேறியிருக்கும். அன்றிலிருந்து நம்முடைய ஆளுக்குப் பின்னணி என்று ஒன்று கிடையாது. தஞ்சைப் பெரிய கோவிலில் மனைவியை நிறுத்திப் படம் எடுப்பார். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த 216 அடி விமானம், அம்மணியின் தோளுக்குப் பின்னால் பழுப்புப் புகையாகக் கரைந்திருக்கும். "பேக்ரவுண்டைப் பார்த்தீங்களா, செம கிரீமி!" என்பார். கிரீம்தான் வேண்டுமென்றால் தெருமுனை பேக்கரி போதாதா? மொட்டை மாடியில் காயும் போர்வைக்கு முன்னால் நிறுத்தியிருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும். பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். இந்த மங்கலுக்கு அவர் பக்தியோடு சொல்லும் பெயர் 'போக்கே'. ஜப்பானியச் சொல். அந்த மொழியில் புத்தி மழுங்கிப் போவதையும் இதே ஒலியால்தான் குறிக்கிறார்கள் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பைத்தியத்தால் முதலில் அடிபடுவது முகம்தான். எஃப் எண் சிறுத்தால் லென்ஸின் துவாரம் விரியும். துவாரம் விரிந்தால் படத்தில் கூர்மையாக விழும் ஆழம் குறையும். ஒரு மீட்டர் தூரத்தில் 1.8 வைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். மனித முகத்துக்கு அது பற்றாது. மூக்கு பிழைத்தால் கண் போச்சு, கண் பிழைத்தால் காது போச்சு. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நின்றால் ஒருவர்தான் தேறுவார். கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் பாட்டி எப்போதும் தேறமாட்டார். பாட்டி போன பிறகு மாலை போட ஒரு படம் தேடுகிறவர்களுக்கு, மங்கலான பட்டுப்புடவை ஒன்று மட்டும் அகப்படும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

"பின்னணி கண்ணை உறுத்துமே, அதை மறைப்பது தப்பா?" என்று கேட்பார். கம்பியில் உட்கார்ந்த மீன்கொத்திக்கும், சந்தைக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் முகத்துக்கும் அது நியாயமே. ஆனால் தலைக்குப் பின்னால் குப்பைத்தொட்டி இருந்தால் இரண்டடி தள்ளி நின்றாலே அது போய்விடும். அந்த இரண்டடியை எங்கே வைப்பது என்பதுதான் படமெடுக்கக் கற்பது. "மங்கல்தானே கலை?" என்றால், அந்த வழக்கு பழையது. மென்மையாக மங்கவைப்பதே கலை என்றிருந்த போக்கை எதிர்த்து, 1932இல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலிய புகைப்படக் கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். முன்னிருந்து பின்வரை எல்லாம் துல்லியமாக விழவைக்கும் சின்னஞ்சிறு துவாரத்தின் எண்ணையே எடுத்து, 'எஃப் 64' என்று தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் சொன்னதே வேதம் என்பதில்லை; ஆனால் அவர்கள் யோசித்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். நம்மவர் தேர்ந்தெடுக்கவில்லை, மாட்டிக்கொண்டார். போதாக்குறைக்கு, 2016இல் வந்த ஐபோன் 7 பிளஸ் போன்ற போன்களே கணக்குப் போட்டுப் பின்னணியை மங்கவைக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு தொடலில் செய்வதை வித்தை என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

இருந்தாலும் மனுஷர் மேல் கோபம் நிலைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெளிச்சத்துக்காக எழுந்து போகிறவரை வேறு எதற்காகத் திட்டுவது? மூலையில் தன் பெயரோடு 'போட்டோகிராபி' என்று போட்டுக்கொள்கிறாரே, பல படங்களில் கூர்மையாக இருப்பது அது ஒன்றுதான் என்றாலும், ஆசை பொய்யில்லை. ஆகவே ஐயா, பீரோவைத் திறந்து அந்தப் பழைய 18–55ஐ எடுங்கள். 18இல் வையுங்கள், எஃப் 8 வையுங்கள், இரண்டு மீட்டரில் நிற்பவர் மீது ஃபோகஸ் செய்யுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். அம்மணியும் இருப்பார், ராஜராஜனும் இருப்பார்.