எந்த ஊசிடி வேணும் உனக்கு?

ஊசிப் பெட்டி வாங்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. மூங்கில்ல ஒரு வரிசை, எஃகுல ஒரு வரிசை, கலர் கலரா மரத்துல ஒரு வரிசை, நடுவுல ஒயரு வெச்சது, முனையைத் தனியாத் திருகி மாட்டறது, திருகறதுக்கு ஒரு சாவி, எல்லாத்தையும் போட்டு வெச்சுக்க ஜிப்பு வெச்ச பை. பை அழகாத்தான் கீது, போன்ல பார்த்தேன். ஆறு மாசம் போனா அதுல சார்ஜர் ஒயரு இருக்கும். யோகா பண்ணப் போறேன்னு ஒரு பாய் வாங்கினியே, மொட்டை மாடியில இப்ப அதுமேல மோர் மொளகா காயுது. நல்லாத்தான் காயுது, குறை சொல்லக் கூடாது.

இவளுக்கு இன்னா தெரியும், தார் சுத்தின கெழவின்னு நெனைக்கிறே. சுத்தினேன்டி. இந்த அனகாபுத்தூர்ல தறிச் சத்தம் கேக்காத தெரு இல்லாத காலம் அது. உங்க தாத்தா குழித்தறியில எறங்கினா நான் ராட்டையில உக்காருவேன். கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி, கப்பல் ஏறி நைஜீரியாவுக்குப் போவும். அங்க நைஜர் ஆறு கடல்ல சேர்ற பக்கம் காலபாரின்னு ஒரு சனம். தாத்தா இடுப்பொடிய நெய்த துணியில அவங்க ஊசியை விட்டு, ஒவ்வொரு இழையாத் தூக்கி, பிளேடால அறுத்து உருவிடுவாங்களாம். மிச்சம் நிக்கிற இழைதான் டிசைனாம், பெலெடே பிட்டேன்னு அதுக்குப் பேராம். இதைக் கேட்டப்போ உங்க தாத்தா மூஞ்சியைப் பார்க்கணுமே! அப்பால அவரே சொன்னாரு, "எதை உருவணும்னு தெரிஞ்சு உருவறான் பாரு, அவன் தொழில்காரன்"னு.

நிட்டிங் எனக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரம்மா. பரங்கிமலையிலேந்து வருவாங்க, ஆங்கிலோ இந்தியன். கவுன் போட்டுகினு, கைப்பையில எப்பவும் பாதி பின்னின சாக்ஸ் ஒண்ணு தொங்கும். ஊசி வாங்கக் காசில்லாத பொண்ணு ஒருத்தி எங்க வகுப்புல இருந்தா. அண்ணன் சைக்கிள் கம்பியை வெட்டி, முனையைக் கருங்கல்லுல தேய்ச்சு எடுத்துகினு வந்தா. சைக்கிள் கம்பி 2 மில்லி கனம் இருக்கும், சாக்ஸுக்கு அதான் அளவு. வகுப்புலயே அவ சாக்ஸுதான் நேரா வந்துது. கடையில வாங்கின எங்க ஊசியெல்லாம் டப்பாவுல தூங்கிச்சு.

சரி, பொலம்பலை விட்டு விசயத்துக்கு வரேன். ஊசியைக் கேக்கறதுக்கு முன்னாடி நூலைக் கேளு. இன்னா நூல்ல பின்னப் போறே? இதுக்குப் பதில் சொல்லாம ஊசி வாங்கறவ எல்லாம் கடைக்காரனுக்குத்தான் சொந்தக்காரி.

ஏன்னு கேளு. 2016 சனவரியில சென்னையில பொம்பளைங்க கூடி 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு போர்வை பின்னி கின்னஸ்ல ஏத்தினாங்களே, அது குரோஷா. கொக்கி வெச்ச ஒத்தை ஊசி. அதுல எந்த நேரத்துல பார்த்தாலும் தொறந்து நிக்கிறது ஒரே கண்ணிதான், பாக்கி எல்லாம் மூடிக்கினு போயிடும். நடுவுல எழுந்து போய் குக்கரை எறக்கிட்டு வரலாம். நிட்டிங்ல அப்படி இல்லை. நூறு கண்ணி இருந்தா நூறும் ஊசிமேல தொறந்த வாயோட உக்காந்துகினு இருக்கும். ஊசி வழுக்கினா மொத்தமும் அம்போ. அதனாலதான் குரோஷாக்காரி ஊசியைப் பத்தி அவ்வளவு பேச மாட்டா, நிட்டிங்காரி ஊசியைப் பத்தியே பேசிகினு இருப்பா.

வழுக்கற நூலுக்கு வழுக்காத ஊசி, வழுக்காத நூலுக்கு வழுக்கற ஊசி. பட்டு மாதிரி பளபளன்னு இருக்கிற நூலு, மெர்சரைஸ் பண்ண பருத்தி, இதுக்கெல்லாம் மூங்கில் ஊசி. கண்ணி கெட்டியா உக்காரும். ரோமம் நீட்டிகினு இருக்கிற கம்பளிக்கும் அக்ரிலிக்குக்கும் எஃகோ அலுமினியமோ. சர்ருன்னு நகரும், வேலை ஓடும். கத்துக்கறவளுக்கு எந்த நூலா இருந்தாலும் மூங்கில்தான் முதல்ல. ஏன்னா உனக்கு ஓடறது முக்கியமில்லை, விழாம இருக்கறதுதான்.

இதுல இன்னொரு கணக்கு கீது, அது எந்த வெளிநாட்டு வீடியோவுலயும் வராது. நம்ம ஊரு வேர்வை. ஏப்ரல் மாசம் மின்சாரம் போன மத்தியானம் அலுமினிய ஊசியைப் புடிச்சுப் பாரு. கை ஒரு பக்கம் வழுக்கும், ஊசி ஒரு பக்கம் வழுக்கும். பழைய அலுமினியமா இருந்தா வெள்ளை நூல்ல சாம்பல் கலர்ல கறை இழுத்து விடும். நிக்கல் பூசினது சில பேருக்கு விரல் இடுக்குல அரிப்பு வரும். உனக்குக் கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாவும், ஆகையால நிக்கல் பக்கமே போவாதே. மூங்கில் வேர்வையைக் கொஞ்சம் குடிச்சிக்கும். ஆனா 2 மில்லி, 2.5 மில்லின்னு சன்னமா மூங்கில் வாங்கி சோபாவுல வெச்சுட்டு, அதுமேலயே உக்காருவே நீ. மளுக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். சன்ன ஊசின்னா எஃகுதான்.

அப்பால, நம்மூர்ல தறி போடற சேகர் கூட்டம் 25 வகை இயற்கை நாரை வெச்சு ஒரே சேலை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்துல ஏறினதைப் பார்த்துட்டு, "பாட்டி, வாழைநார்ல தொப்பி பின்னலாமா"ன்னு கேட்டியே. தறியில அது ஊடையாப் போறதுக்கு நேரா நீட்டிகினு கெடந்தாப் போதும். நிட்டிங்ல ஒவ்வொரு கண்ணிக்கும் நூலு வளையணும், இழுத்தா கொடுக்கணும். வாழைநாருக்கு அந்தக் குணம் கம்மி. முடிச்சு முடிச்சாப் போட்டு நீட்டின நாரு வேற. அந்த முடிச்செல்லாம் நெத்தியில வந்து உக்காரும். யாருக்குப் போடறியோ அவன் பாவம்.

"அவன்"னு வாய் தவறி வந்துடுச்சு. நீ ஒண்ணும் சொல்லலையே? சரி.

நேர் ஊசியா, வட்ட ஊசியான்னு கேட்டே. பின்னால குமிழ் வெச்ச நேர் ஊசி பார்க்க லட்சணமா இருக்கும், சினிமாவுல கர்ப்பமான கதாநாயகி கையில அதான் குடுப்பாங்க. பல்லாவரம் போற ஷேர் ஆட்டோவுல அதை எடுத்துப் பின்னிப் பாரு. பக்கத்துல உக்காந்தவன் விலாவுல நாலு குத்து, எதிர்ல உக்காந்த கெழவி மடியில ஒரு ஊசி. வட்ட ஊசியில அந்த வம்பு இல்லை. ரெண்டு குட்டை முனை, நடுவுல ஒயரு. பாரமெல்லாம் மடியில கெடக்கும், மணிக்கட்டு தப்பிக்கும். அதுல வட்டமாத்தான் பின்னணும்னு எவனோ சொன்னான்னு நம்பாதே. ஒரு வரி முடிஞ்சதும் திருப்பிக்கினு போனா சப்பைத் துணியும் வரும். புதுசா வாங்கறப்போ ஒயரு சுருண்டுகினு முரண்டு புடிக்கும். சுடுதண்ணியில ஒயரை மட்டும் கொஞ்ச நேரம் முக்கி, நேரா இழுத்துப் புடி, படிஞ்சிடும்.

கடையில அட்டையைப் படிச்சுகினு நிக்காதே. முனையும் ஒயரும் சேர்ற எடம் கீதே, அதுதான் ஊசியோட யோக்கியதை. உன் துப்பட்டா ஓரத்தை அந்த எடத்துல வெச்சு மெதுவா இழு. ஒரு இழை மாட்டினாலும் திருப்பிக் குடுத்துடு. அங்க நூறு கண்ணியும் ஒவ்வொரு சுத்துக்கும் தடுக்கி விழணும். திருகி மாட்டற ஊசியில இந்த எடந்தான் வம்பு, பின்னப் பின்னத் தன்னால கழண்டுக்கும். சாவியை எங்க வெச்சேன்னு நீ தேடறதுக்குள்ள பாதித் தொப்பி ஒயர்லேந்து எறங்கி ஓடிடும்.

இப்ப நம்பர் கதை. இதுலதான் படிச்சவங்க எல்லாம் ஏமாறுவாங்க. எங்களுக்கு நூல் நம்பர் தெரியும். ஒரு பவுண்டு நூல்ல 840 கெஜம் சிட்டம் 40 வந்தா 40-ம் நம்பர், 80 வந்தா 80. நம்பர் ஏற ஏற சன்னம். பழைய வெள்ளைக்காரன் ஊசி நம்பரும் அப்படித்தான், நம்ம கடைங்கள்ல இன்னமும் அதுல கேட்டாத் தருவான். அமெரிக்காக்காரன் தலைகீழ், நம்பர் ஏற ஏறத் தடி. நம்ம 8-ம் நம்பர் 4 மில்லி, அவங்க 8-ம் நம்பர் 5 மில்லி. அதோட நிக்கலை. நம்ம 6 எடுத்தா 5 மில்லி, அவங்க 6 எடுத்தா 4 மில்லி. ரெண்டு பேரும் வேணும்னே எடம் மாத்தி உக்காந்த மாதிரி! நீ அமெரிக்காக்காரி வீடியோவைப் பார்த்து, பாரிமுனைக் கடையில போய் "8-ம் நம்பர்"னு கேட்டா, கடைக்காரன் ஒழுங்கா 8-ம் நம்பர் குடுப்பான். வர்ற தொப்பி தேங்காய்க்குப் போடலாம். மில்லியைக் கேளு, வேற எதையும் கேக்காதே. வெள்ளிக்கிழமைப் பல்லாவரம் சந்தையில பழைய ஊசி நம்பர் அழிஞ்சு கெடைக்கும், அதை வாங்கறதுல தப்பில்லை. ஹார்டுவேர் கடையில 4 மில்லி ட்ரில் பிட்டால ஒரு பலகையில ஓட்டை போட்டு வாங்கி வெச்சுக்க. ஊசி ஆடாம நுழைஞ்சா 4 மில்லி.

நூல்கண்டு லேபிள்லயும் எந்த ஊசின்னு மில்லியில போட்டிருப்பான். அது அவன் கைக்கு. உன் கை இறுக்கிப் புடிக்கிற கை. பூ கட்டறப்போ பார்க்கறேனே, மல்லிக்குக் காம்பே மிஞ்சாது. லேபிள்ல 4-ன்னு இருந்தா முதல்ல 4-ல ஒரு சாண் சதுரம் பின்னு. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரணும்னு இருக்கிற எடத்துல உனக்கு 24 வரும், பந்தயம் கட்டறேன். ரெண்டு கண்ணிதானேன்னு இளக்காரமா நெனைக்காத. 112 கண்ணி ஏத்தின தொப்பி, 22 கணக்குல 51 சென்டிமீட்டர் சுத்தளவு. 24 கணக்குல 47 கூட வராது. அப்போ 4.5 ஊசிக்கு ஏறணும். பெட்டியில இருக்கிற மொத்த ஊசியில உனக்கு வேண்டியது இந்த ரெண்டே ரெண்டுதான். அதுவும் ரெண்டாவது, முதல் சதுரத்தைப் பின்னிப் பார்த்த பிற்பாடு.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். உங்கம்மா காட்டின லிஸ்ட்டுல "40 சென்டிமீட்டர் வட்ட ஊசி"ன்னு தனியா ஒண்ணு எழுதி வெச்சிருந்தியே. பெரியப்பன் பேரனுக்குக் கொழந்தைத் தொப்பின்னு சொன்னே. கொழந்தைத் தலைக்கு 40 ஒயரு நீளம்டி, கண்ணி எட்டாது. அதுக்கு ரெண்டு பக்கமும் கூரான குட்டை ஊசி அஞ்சு வேணும். 40-ங்கறது வளர்ந்த ஆளு தலைக்கு. நூலும் மெரினோ கம்பளின்னு எழுதியிருந்தே, கருநீலம். அனகாபுத்தூர் வெயில்ல கம்பளித் தொப்பி போடற வளர்ந்த ஆளு நம்ம சொந்தத்துல யாரும் இல்லை. உங்கப்பா வழுக்கைக்கு ஃபேன் காத்தே பத்தலை.

நான் ஒண்ணும் கேக்கலை. குளிர்ற ஊரு, வளர்ந்த தலை, கருநீலம் புடிக்கும். போதும் எனக்கு.

40-ஐ அடிச்சிடு. தொப்பி உச்சியில கண்ணி கொறைக்கிறப்போ அது எட்டாது, அதுக்குன்னு வேற ஊசி தேடுவே. 80 சென்டிமீட்டர் வட்ட ஊசி, 4 மில்லி, மூங்கில், ஒண்ணே ஒண்ணு வாங்கு. ஒயரை நடுவுல வெளிய இழுத்து விட்டு ரெண்டு பாதியாப் பின்னினா சின்னச் சுத்தும் அதுலயே வரும், உக்காரு காட்டித் தரேன். ஒரு பிரியாணிக் காசுல முடிஞ்சிடும். மெரினோவுக்கு எஃகு ஓடுமேன்னு நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லாதே. அது ரெண்டாவது தொப்பிக்கு, ரெண்டாவது தொப்பி வரைக்கும் இந்த விவகாரம் போச்சுன்னா.

நூலு மட்டும் ஒண்ணுக்கு மூணா வாங்கிடு, ஒரே சாயக் கணக்கு நம்பரா இருக்கான்னு லேபிளைப் பார்த்து. அப்பால அந்தத் தலையோட சுத்தளவு வேணும், நெத்திக்கும் காதுக்கும் மேல டேப்பு வெச்சு. போன்ல கேட்டு வாங்கிக்குவியோ, நேர்ல போய் அளப்பியோ, அது உன் பாடு. உங்கம்மா கேட்டா பேரன் தலை 56 சென்டிமீட்டர்னு நான் சொல்லிடறேன்.