வந்தியத்தேவனுக்குப் பிறகு யார்?

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடிந்துவிட்டது. வந்தியத்தேவனைப் பிரிய மனமே இல்லை. அடுத்து எதைப் படிக்கலாம்?
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்.

பதில்: 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் காத்திருந்து படித்தவர்களையும் இதே ஏக்கம்தான் பிடித்து ஆட்டியது. பலர் அடுத்ததாக 'சிவகாமியின் சபத'த்துக்குக் குதிரையைத் திருப்புவார்கள். சோழநாட்டிலிருந்து காஞ்சிக்கு, முந்நூறு ஆண்டு பின்னோக்கி ஒரே பாய்ச்சல். நல்ல பயணம்தான்.

ஆனால் போடிக்காரருக்கு வீட்டு வாசலிலேயே வரலாறு படுத்திருக்கிறது! வைகை அணைக்காக ஊரையும் நிலத்தையும் இழந்தவர்களின் கதை, வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் அரசன் இல்லை, வாள் இல்லை. பேயத்தேவர் என்ற முதிய விவசாயிதான் நாயகன். மண்ணுக்காக அவர் படும் பாடு எந்தப் போர்க்களத்துக்கும் குறைந்ததல்ல.

கோட்டையும் பாளையமும் வேண்டுமென்றால் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. மதுரையின் ஆறு நூற்றாண்டுகள். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். பொறுமை வேண்டும், பலன் உண்டு.

விடியும் முன்பே ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'எரியும் பனிக்காடு' நெஞ்சில் தைக்கும். மருத்துவர் பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கம். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் துயரம் அது.

முதலில் 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தை எடுங்கள். வந்தியத்தேவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.