பேர் மஞ்சளுக்கு, வேலை மிளகுக்கு

எங்கள் பாச்சலூர் வீட்டில் வியாதிகள் பல, மருந்து ஒன்று. காப்பிச் செடி கவாத்து பண்ணும்போது கத்தி பட்டால் மஞ்சள். கால் சுளுக்கினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்று. சளி பிடித்தால் விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு, அந்தப் புகையை மூக்கில் இழுக்க வேண்டும். ஒரு இழுப்பிலேயே "எனக்குச் சளியே இல்லை அப்பத்தா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதைக் குணம் என்று அப்பத்தா கணக்கில் எழுதிக்கொள்வார். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டே ஒட்டன்சத்திரம் போய் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்குவதற்கு இது தேவலாம்.

இந்த அஞ்சறைப்பெட்டிச் சமாசாரத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இருவர், மஞ்சளால் புண் ஆற்றுவது தங்கள் கண்டுபிடிப்பு என்று வாங்கினார்கள். இருவருமே இந்திய வம்சாவளியினர். அவர்கள் வீட்டில் அப்பத்தா இல்லையா என்ன? மஷேல்கர் தலைமையில் இருந்த நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் வழக்காடியது. பாட்டி சொன்னார் என்றால் அங்கே எடுபடாது, அச்சில் காட்ட வேண்டும். பழைய சமஸ்கிருத நூல்கள், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என்று 32 சான்றுகளை அடுக்கினார்கள். 1997-ல் காப்புரிமை ரத்து.

கதையைச் சொன்னதும் அப்பத்தா கேட்டார்: "அப்ப நடுவுல ரெண்டு வருசம் நான் பாத்ததெல்லாம் திருட்டு வைத்தியமாடா?"

என் வருத்தம் வேறு. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் சரியாக ஏறாது. 1998-ல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். உடம்பு ஏற்றுக்கொண்ட அளவு 2,000 சதவீதம் கூடியது. அந்த மிளகு எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் காய்க்கிறது. மஞ்சளோ 2019-ல் வாங்கிய புவிசார் குறியீட்டோடு ஈரோட்டிலிருந்து மூட்டையில் வந்து இறங்கும் விருந்தாளி. ஆனாலும் இரண்டும் பாலில் கலந்து டம்ளரில் வருவதற்குப் பெயர் மஞ்சள் பால். மிளகுப் பால் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இத்தனைக்கும் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியில் குர்குமின் சில மில்லிகிராம்தான் தேறும். தொண்டைக்கு இதமாக இருப்பது பாலின் சூடும் அப்பத்தாவின் அதட்டலும் என்பது என் கட்சி. இதை அவர் காதுபடச் சொல்வதில்லை.

கத்தி ஆழமாகப் பட்டால் கழுவிக் கட்டிக்கொண்டு ஊசி போடப் போங்கள், மஞ்சள் அப்புறம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கடையில் விற்கும் குர்குமின் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் பொடி கிடைத்தால் சந்தேகப்படுங்கள், ஈயக் குரோமேட் கலப்பதுண்டு. மிளகு வேண்டுமானால் மட்டும் பாச்சலூருக்கு வாருங்கள்.